முகவருக்கு முதலாண்டுச் சோறு

மதுக்கரைச் சிமெண்டு ஆலைத் தொழிலாளியின் வாசற்படி ஏறும் எல்.ஐ.சி. முகவருக்குச் சம்பளம் இல்லை; கமிஷனே கூலி! 1956-இல் 245 தனியார் நிறுவனங்கள் நாட்டுடைமையாகிப் பிறந்த கழகம், இவர்தம் கால் தேய்ந்தன்றோ வளர்ந்தது?

2024 அக்டோபரில் முதலாண்டுக் கமிஷன் 35 விழுக்காட்டிலிருந்து 28 ஆனது. புதுப்பிப்புக் கமிஷன் 5-லிருந்து 7.5 ஆனதே என்பர். கணக்கிடுவோம். ரூ. 10,000 பிரீமியத்தில் முதலாண்டு இழப்பு ரூ. 700. இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்கு முன்பே 7.5 உண்டு, எனவே உயர்வு நான்காம் ஆண்டு முதல், ஆண்டுக்கு ரூ. 250! இழந்தது மீள ஆறாம் ஆண்டு ஆகும். இடையில் பாலிசி காலாவதியானால் அதுவும் போயிற்று.

பழைய முகவரைப் பழைய பாலிசிகள் காக்கும். நேற்றுச் சேர்ந்த இளைஞன் ஆறாண்டு எதைத் தின்பான்? பீமா சகி திட்டத்தில் பெண்களுக்கு மூன்றாண்டு உதவித்தொகை தருகிறார்கள், நன்று! அதனைப் புதிய முகவர் அனைவருக்கும் தருக என்று கேட்போம்.