பெயர் வேண்டாம், கணக்கு வேண்டும்



பதினெட்டு வயசு ஆகாத பையன் ஒருத்தன் போலீசில் மாட்டினால், மறுநாளே டீக்கடையில் அவன் பெயர், அப்பா பெயர், சாதி வரைக்கும் பேசிவிடுவார்கள். ஆனால் நம் மாவட்டத்தில் அவனைப் போல எத்தனை பேர், எத்தனை மாதமாக விசாரணை நடக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்வதோ வேறு. அதன் 74-ஆம் பிரிவுப்படி அந்தச் சிறுவனின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது. 16-ஆம் பிரிவுப்படி, நிலுவை வழக்குகளின் விவரத்தை இளைஞர் நீதிக் குழுமம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமைக் குற்றவியல் நடுவருக்கும் கலெக்டருக்கும் கொடுக்க வேண்டும்.

நாட்டில் கணக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் புத்தகம் போடுகிறது. சிறார் மீது பதிவான வழக்குகள் 2022-ல் 30,555. 2023-ல் 31,365. ஆனால் 2023 கணக்கு வெளிவந்தது 2025 செப்டம்பரில்! பத்தாம் வகுப்பு ரிசல்ட் பன்னிரண்டாம் வகுப்பில் வந்தால் எப்படி இருக்கும்?

"கணக்குத் தெரிஞ்சு என்னடி பண்ணப் போறே?" என்று என் பெஞ்சுத் தோழி கேட்டாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைங்கதான் கெட்டுப்போகும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் காப்பகத்தின் கணக்கில், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பெற்றோரோடு இருந்தவர்கள். கணக்கு இல்லாவிட்டால் டீக்கடைப் பேச்சுதான் உண்மை ஆகிவிடும்.

இன்னொன்று. சிறார் விசாரணையை நான்கு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், மேலே இரண்டு மாதம் நீட்டிக்கலாம் என்கிறது சட்டம். சிறு குற்றமாக இருந்தால் அதற்குமேல் இழுக்கவே முடியாது, வழக்கை முடித்துவிட வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு நான்கு மாதம் என்றால் அரையாண்டுப் பரீட்சையே போய்விடும். சொன்ன காலத்தில் எத்தனை பேருக்கு முடிந்தது? கலெக்டருக்குப் போகும் அந்த விவரத்திலிருந்து எண்ணிக்கையை மட்டும் எடுத்து அவர் ஆபீஸ் பலகையில் எழுதிப் போட்டால் என்ன? ரேஷன் கடையில் அரிசி, சர்க்கரை இருப்பை எழுதுகிறார்களே!

இதில் ஒரு பயமும் எனக்கு உண்டு. மாவட்டத்தில் ஒரே ஒரு பெண்பிள்ளை இருந்தால், 'பெண் 1' என்று எழுதினாலே ஊர் கண்டுபிடித்துவிடும். பிறகு அவள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வருவாள்? அப்படி எண்ணிக்கை குறைவான இடத்தில் நாலைந்து மாவட்டத்தைச் சேர்த்துக் கூட்டிச் சொல்லலாம்.

திங்கட்கிழமை மனு நாளில் கலெக்டர் ஆபீசில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் டீச்சர் பிழை திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்புக்கு வரலாம்.

– 9-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி