ஈமான் குறைவா, நோயா?



2001 ஆகஸ்ட் 6. ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓடித் தப்ப முடியவில்லை. காலில் சங்கிலி! மனநோயாளிகள் 28 பேர் கருகி மாண்டார்கள். சங்கிலி பூட்டியவர்கள் காப்பகக்காரர்கள் மட்டும்தானா? 'ஜின் பிடித்திருக்கிறது' என்று கொண்டுபோய் விட்டுவிட்டு ஊர் திரும்பிய உறவுகளுக்கு அதில் பங்கே இல்லையா?

2017 மனநலச் சட்டம் இரும்புச் சங்கிலியைத் தடை செய்துவிட்டது. நாம் நாவால் பூட்டுகிறோமே, அதை யார் தடை செய்வது?

மனைவியை இழந்தவர் கல்லாவில் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தால், 'ஈமான் பலவீனம்' என்று உடனே ஃபத்வா! மகனைப் பிரிந்து அழுதழுது பார்வையே இழந்த யஃகூப் நபி (அலை) அவர்களிடம் போய் இதைச் சொல்வீர்களா? 934ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் உடலிலிருந்து எழும் துக்கம் வேறு என்று அன்றே பிரித்து எழுதினார். பின்னதற்கு உடலுக்கான சிகிச்சையும் வேண்டும் என்றார். அந்த அறிஞரின் வாரிசுகள் இன்று தாயத்துக்கு மட்டும் வரிசையில் நிற்கிறோம்!

துக்கம் நோயல்ல. அழுகை அலைபோல் வரும், போகும். நடுவில் பேரப்பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கவும் முடியும். எதிலும் நாட்டமின்றி, தூக்கமும் பசியும் கெட்டு, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்தோடு இரண்டு வாரம் நாள் முழுக்கக் கிடந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இத்தா முடிந்த மறுநாளே கைம்பெண் தேறிவிட வேண்டுமென்று எதிர்பார்ப்பது கொடுமை. ஆனால் ஆறு மாதம் தாண்டியும் ஏக்கம் அன்றாட வாழ்வையே முடக்கினால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். கலவரத்தையோ விபத்தையோ கண்டவர் ஒரு மாதம் கடந்தும் அதே காட்சியைக் கனவில் கண்டு அலறுகிறாரா? சத்தம் கேட்டால் துள்ளுகிறாரா? அந்தத் தெருப்பக்கமே போக மறுக்கிறாரா? அது கோழைத்தனமல்ல, அதிர்ச்சியின் காயம்.

வியாபாரிகளே, நம் ஆண்கள் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முதுகுவலி என்பார்கள், கேஸ் என்பார்கள், கடைப் பையன் மீது எரிந்து விழுவார்கள். சில டாக்டர்களும் மாத்திரை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் யார் மவுத்தானார் என்று கேட்பதில்லை. கூடப் போகும் நீங்கள் சொல்லுங்கள்! 'சாகத் தோன்றுகிறதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அன்றே அழைத்துச் செல்லுங்கள். 2022ல் தொடங்கிய 14416 இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.