பொம்மை ஆடினால் பாடம் ஏறுமா?

பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் நிரல் எழுதக் கற்றுக்கொடுப்பது பற்றிப் பேச்செடுத்தால் பெற்றோரும் ஆசிரியரும் கோடைக்கால வகுப்பு நடத்துபவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். எழுத்தாக இருந்தால் பிள்ளைக்கு ஓடாது, படமாக ஆடினால் தானாக ஏறிவிடும் என்கிறார்கள். முயல் குதிக்கட்டும், பூனை நடக்கட்டும், பனிமனிதன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லட்டும். இதையெல்லாம் திரையில் ஆட்டிவைக்கும் பிள்ளை பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தனக்கே தெரியாமல் கற்றுக்கொண்டுவிடும். பொம்மை ஒரு ஆப்ஜெக்ட், அதை ஆட்டுவது நிரல், வேறென்ன வேண்டும்? தூத்துக்குடி மாவட்டத்து ஏரல் பஜாரில் விசாரித்தாலும் சென்னையில் விசாரித்தாலும் இதே நம்பிக்கைதான். இதைக் கேள்வி கேட்பவரைப் பழமைவாதி என்று ஒதுக்கிவிடுவதும் சுலபம்.

இந்த நம்பிக்கை ஒன்றும் சந்தைக்காரர்கள் கிளப்பிவிட்ட புரளி அல்ல. அதற்குக் கௌரவமான பிறப்பிடம் இருக்கிறது. அமெரிக்காவில் ரேண்டி பாஷ் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தொடங்கி, பிறகு கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த 'ஆலிஸ்' என்ற மென்பொருள்தான் அதன் முன்னோடி. முப்பரிமாண உலகம் ஒன்று திரையில் விரியும். அதில் ஆட்களையும் விலங்குகளையும் கொண்டுவந்து நிறுத்தி, கட்டளைத் துண்டுகளை இழுத்துப் பொருத்தினால் அவை நடக்கும், பறக்கும், பேசும். அரைப்புள்ளியை விட்டுவிட்டதற்காகக் கம்ப்யூட்டர் திட்டும் தொல்லை இல்லை. 2006-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் தன் 'சிம்ஸ்' விளையாட்டின் பாத்திரங்களையே இதற்குக் கொடுக்க முன்வந்தது. கணையப் புற்றுநோயோடு 2007 செப்டம்பரில் பாஷ் ஆற்றிய புகழ்பெற்ற கடைசி விரிவுரையில், தான் விட்டுச்செல்லும் சொத்தாக ஆலிஸைத்தான் குறிப்பிட்டார். பிள்ளை ஏதோ விளையாட்டைச் செய்வதாக நினைத்துக்கொண்டே வேறொன்றைக் கற்றுவிடும் என்பது அவருடைய வாதம்.

ஆதாரமும் காட்டினார்கள். 2004-இல் மோஸ்கல், லூரி, கூப்பர் மூவரும் வெளியிட்ட ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. கணக்கில் பின்தங்கிய, நிரல் அனுபவம் இல்லாத கல்லூரி மாணவர்களில் ஆலிஸ் படித்தவர்கள் முதல் நிரலாக்கப் பாடத்தில் சராசரியாக 'சி' கிரேடிலிருந்து 'பி'க்கு ஏறினார்கள். தொடர்ந்து கம்ப்யூட்டர் பாடத்தில் நீடித்தவர்கள் 47 சதவீதத்திலிருந்து 88 சதவீதம் ஆனார்கள். இந்த எண்களைக் கேலி செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனால் அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது பொம்மை மட்டுமல்ல. வழக்கமான பாடத்துக்கு முன்போ கூடவோ முழுசாக ஒரு கூடுதல் பாடம் கிடைத்தது. அதை நடத்த, மென்பொருளின் ஒவ்வொரு மூலையும் தெரிந்த ஆசிரியர்கள் கிடைத்தார்கள். அந்தக் குழுவினர் எழுதிய ஆலிஸ் பாடப்புத்தகம், மவுஸைத் தொடுவதற்கு முன் கதையைக் காட்சி காட்சியாகத் தாளில் பிரித்து எழுதச் சொல்கிறது. தமிழ்நாட்டுக்கு வந்து சேரும்போது இந்த வரலாற்றிலிருந்து ஆசிரியர் கழன்றுவிடுகிறார், தாள் கழன்றுவிடுகிறது, பொம்மை மட்டும் மிஞ்சுகிறது.

இன்னொரு ஆய்வு இதைவிடக் கூர்மையானது. கெயிட்லின் கெல்லெஹர், பாஷின் மாணவி. நடுநிலைப் பள்ளிச் சிறுமிகளுக்காக ஆலிஸில் கதை சொல்லும் வசதிகளைக் கூட்டிப் புதிய வடிவம் ஒன்றைச் செய்தார். அதைச் சாதாரண ஆலிஸோடு ஒப்பிட்டு 2007-இல் அவரும் சகாக்களும் முடிவுகளை வெளியிட்டார்கள். கதை வடிவம் கிடைத்த சிறுமிகள் நிரல் எழுதுவதில் 42 சதவீதம் அதிக நேரம் செலவிட்டார்கள். இடைவேளையிலும் திருட்டுத்தனமாக உட்கார்ந்து தொடர்ந்தவர்கள் இந்தப் பக்கம் 51 சதவீதம், அந்தப் பக்கம் 16 சதவீதம். விளம்பரக்காரர் இங்கே நிறுத்திக்கொள்வார். ஆய்வு நிறுத்தவில்லை: அடிப்படைக் கருத்துகளைக் கற்றதில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆசை கூடியது, கற்றல் அதே அளவில்தான் நின்றது. ஆசை கூடுவது சின்ன விஷயமில்லைதான். அதைக் கற்றல் என்று பெயர் மாற்றி விற்பதுதான் தகராறு.

அதே 2007-இல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆலிஸை வைத்துப் பாடம் நடத்தியவர்கள் கசப்பான பகுதியையும் எழுதினார்கள். ஆலிஸில் தேறிய மாணவர்கள் உண்மையான நிரல் மொழிக்கு மாறும்போது தடுமாறினார்கள். ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்பதிலேயே தவறான பிடிமானம் சிலருக்கு இருந்தது. இவர்கள் ஆலிஸின் எதிரிகள் அல்லர், நம்பி நடத்தியவர்கள்.

ஏன் இப்படி ஆகிறது? பொம்மை உலகம் காட்டுவது ஆப்ஜெக்டை மட்டும். பொருள்நோக்கு நிரலாக்கத்தின் முதுகெலும்போ நம் பாடநூல்கள் 'இனக்குழு' என்று எழுதும் சமாச்சாரம்: ஒருமுறை எழுதி, எத்தனை உருப்படி வேண்டுமானாலும் அதிலிருந்து உண்டாக்குவது, பொதுவானதை மேலே வைத்து, வேறுபடுவதை மட்டும் கீழே எழுதுவது (இதற்குப் பெயர் மரபுரிமம்). எம்.ஐ.டி. 2007-இல் வெளியிட்ட ஸ்கிராட்சைத் திறந்து பாருங்கள். ஒரு பேருந்தை வரைந்து, ஓடுவதற்கான கட்டளைகளைப் பொருத்தி, அதை இரண்டு பிரதி எடுத்தால் மூன்று பேருந்து ஓடும். பிறகு முதல் பேருந்தின் வேகத்தை மாற்றினால் மற்ற இரண்டும் பழைய வேகத்திலேயே போகும். அவை ஒரே இனம் அல்ல, வெறும் நகல். ஒரே கட்டளைகளைப் பகிரும் பிரதிகளை உண்டாக்கும் 'குளோன்' வசதி இந்தக் குறையைக் கொஞ்சம் தீர்க்கிறது, மரபுரிமத்துக்கு அங்கே இடமே இல்லை. ஆலிஸின் இரண்டாம் பதிப்பிலும் மாணவர் செயல்களை எழுதியது பெரும்பாலும் தனித்தனி உருவத்தின் மேல்தான்; மூன்றாம் பதிப்பு இதைப் பெருமளவு சரிசெய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஸ்கிராட்சை உருவாக்கியவர்கள் அதைப் பொருள்நோக்குப் பாடம் என்று சொல்லி விற்கவும் இல்லை. அந்த வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு 2020 சாட்சி. அந்த ஆகஸ்டில் பைஜூஸ் நிறுவனம் 30 கோடி டாலர் கொடுத்து வாங்கிய, பிள்ளைகளுக்கு ஆன்லைனில் நிரல் கற்பித்த ஒயிட்ஹேட் ஜூனியரின் விளம்பரங்களில், கோடிகளில் சம்பாதிக்கும் சிறுவன் ஒருவன் வந்தான். அவன் கற்பனைப் பாத்திரம் என்பது பிறகு அம்பலமானது. விளம்பரத் தரக் கவுன்சில் தலையிட்டபின் சில விளம்பரங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆறு வயதில் செயலி, ஏழு வயதில் முதலீட்டாளர் என்ற கூத்தெல்லாம் அடங்கிவிட்டது. திரையில் எதையோ ஆட்டினால் நிரலாளர் ஆகிவிடலாம் என்ற அடிப்படை எண்ணம் மட்டும் அடங்கவில்லை.

அரசுப் பக்கம் கதை வேறு மாதிரிச் சோகம். தமிழ்நாட்டின் 10ஆம் வகுப்பு அறிவியல் பாடநூலின் கடைசி அலகு 'காட்சித் தொடர்பு'. அதில் ஸ்கிராட்ச் இருக்கிறது. மேடை, உருவம், கட்டளை எழுதும் இடம் என்று பாகங்களை விளக்கிவிட்டு, அனிமேஷன் செய்யப் பயன்படும் மென்பொருள் எது என்று நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. பிள்ளை தானாகத் தோண்டிப் பார்க்கட்டும் என்று செய்யப்பட்ட கருவியை ஒரு மதிப்பெண் கேள்வியாக்கிக் காட்டிய சாமர்த்தியம் நம்முடையது! 6,000க்கும் மேற்பட்ட அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. ஆனால் 10ஆம் வகுப்பு வரை கம்ப்யூட்டர் தனிப் பாடமில்லை. அதை அறிவியல் ஆசிரியர்தான் அமிலம், காரம், மின்னோட்டம் எல்லாம் முடித்துவிட்டு, பொதுத்தேர்வு நெருங்கும் நேரத்தில் எடுத்தாக வேண்டும். கணினி அறிவியலில் பி.எட். முடித்தவர்கள் பணியிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். படம் தானாகக் கற்றுக்கொடுக்கும் என்று நம்புகிற இடத்தில் ஆசிரியர் பணியிடத்துக்கு அவசரம் ஏன் வரப்போகிறது?

இதற்கு எதிர்ப்பக்கம் நின்று, பொம்மை எதற்கு, நேராக சி++ சொல்லிக்கொடு என்பவர்களுக்கும் இங்கே பாராட்டு இல்லை. 11ஆம் வகுப்பில் உறைபொதியாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என்று வரையறையை ஒப்பித்துவிட்டு வரும் மாணவர், பொறியியல் கல்லூரி மூன்றாம் பருவத்தில் ஜாவாவைப் பார்த்து விழிப்பதை எந்த விரிவுரையாளரும் சொல்வார்.

சிக்கல் எங்கே இருக்கிறது என்பதை ஐம்பது ஆண்டுக்கு முன்பே கண்டவர்கள் உண்டு. 1970களில் ஜெராக்ஸ் ஆராய்ச்சி மையத்தில் ஆலன் கேயும் அடெல் கோல்ட்பெர்க்கும் ஸ்மால்டாக் மொழியைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். அவர்கள் கொடுத்த முதல் ஆப்ஜெக்ட் 'ஜோ' என்ற வெறும் சதுரம். கண் இல்லை, வால் இல்லை. வளரச் சொன்னால் வளரும், திரும்பச் சொன்னால் திரும்பும். அதிலிருந்து கிளம்பிய 12 வயதுச் சிறுமி ஒருத்தி ஓவியம் தீட்டும் மென்பொருளையே எழுதினாள். கேயின் குழுவுக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு நிரல் தெரியாத பெரியவர்கள் இருபது பேருக்கு வகுப்பு நடந்தது. ஆரம்பப் பாடங்களைப் பிள்ளைகளைவிட வேகமாகக் கடந்தவர்கள், முகவரி அட்டைப் பெட்டி போன்ற சின்னத் தகவல் தொகுப்பை எழுத முயன்றதும் திகைத்து உட்கார்ந்துவிட்டார்கள். கேய் தானே அதைப் பலகையில் எழுதிக் காட்டி, அதற்குள் ஒளிந்திருக்கும், பார்த்ததும் புலப்படாத யோசனைகளை எண்ணினார். பதினேழு! இதை அவரே பின்னாளில் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அந்தப் பதினேழில் ஒன்றைக்கூட அழகான முப்பரிமாண முயல் சொல்லித்தராது. எதை ஆப்ஜெக்ட் ஆக்குவது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்ற முடிவுகள் அவை. ஆயத்தமாகக் கிடைக்கும் பொம்மை உலகத்தில் அந்த முடிவுகளை மென்பொருள் செய்த யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள்.

மரபுரிமம் பிறந்த கதையும் இதையே சொல்கிறது. நார்வேயின் ஓலே-யோஹன் டாலும் கிறிஸ்டன் நிகார்டும் சிமுலா மொழியை உருவாக்கியபோது அவர்கள் மண்டையைக் குடைந்த உதாரணங்களில் ஒன்று பாலம். பாலத்தில் சுங்கச்சாவடி, சாவடியில் வரிசை, வரிசையில் லாரி, பஸ், மற்ற வாகனங்கள். வரிசையில் நிற்பது எல்லாவற்றுக்கும் பொது, மற்றதெல்லாம் வேறு வேறு. பொதுவானதை ஒருமுறை எழுதி, அதன்மேல் லாரியையும் பஸ்ஸையும் கட்டினால் என்ன என்று கேட்டதில் வந்ததுதான் 1967-இன் சிமுலா. அனிமேஷன் எதுவும் அங்கே இல்லை.

பாலத்துக்கு ஏரல் பிள்ளைகள் நார்வே போக வேண்டியதில்லை. ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்குக் கூட்டம் வரும் நாளில் தாமிரபரணிக் கரையில் நின்றால் போதும். சிறப்புப் பஸ், வேன், வாழைத்தார் ஏற்றிய மினி லாரி, ஆட்டோ, பைக். முதல் இரண்டு பீரியடுக்குக் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு ஆசிரியர் கேட்கலாம்: இதில் எது எது ஆப்ஜெக்ட்? வாகனம் சரி, பாலமும் ஆப்ஜெக்டா? வரிசை? பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் பொதுவானது எது, பஸ்ஸுக்கு மட்டும் உரியது எது? பயணிகளின் எண்ணிக்கை யாரிடம் இருக்க வேண்டும், பஸ்ஸிடமா பஸ் ஸ்டாண்டிடமா? கடினமான கேள்வி கடைசியில். 2023 டிசம்பர் வெள்ளத்தில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய அந்த மழையில், ஏரல் பாலம் சேதமாகிப் போக்குவரத்து நின்றதை இந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பாலம் மூடியாயிற்று என்பதைத் திருச்செந்தூரிலிருந்து கிளம்பிவிட்ட பஸ்ஸுக்கு யார் சொல்வது? பஸ் வந்து பாலத்தைக் கேட்க வேண்டுமா, பாலமே எல்லா வாகனத்துக்கும் தகவல் அனுப்ப வேண்டுமா? தொழில்முறை நிரலாளர்கள் இன்றும் அடித்துக்கொள்ளும் கேள்வி இது. 15 வயதுப் பிள்ளைகளும் நன்றாகவே அடித்துக்கொள்வார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தை எடுத்தாலும் ஆகும்: மாலத்தீவுக்குச் சரக்கேற்றும் தோணியும் கண்டெய்னர் கப்பலும் 'கலம்' என்ற ஒரே இனக்குழுவின் கீழ் வருமா, எதுவரை வரும் என்று தோணிக்காரர் வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் ஆசிரியருக்கே பாடம் கிடைக்கும்.

அதற்குப் பிறகு அனிமேஷன் வரட்டும், தாராளமாக வரட்டும். அதிலும் கருவி பார்த்துத்தான். பிரிட்டனின் கென்ட் பல்கலைக்கழகத்திலிருந்து மைக்கேல் கோலிங் 2006-இல் வெளியிட்ட கிரீன்ஃபூட்டிலும் நண்டு ஓடுகிறது, புழுவைத் தின்கிறது. ஆனால் உலகத்தின் பக்கத்திலேயே இனக்குழுக்களின் குடும்பப் படம் எப்போதும் தெரிகிறது. இனக்குழுவைக் கிளிக் செய்து ஆப்ஜெக்டை உண்டாக்கினால்தான் நண்டு மேடைக்கு வரும். ஏரல் லேபில் ஸ்கிராட்ச்தான் இருக்கிறதென்றால் அதுவும் உதவும். பஸ்ஸுக்கு எழுதிய வரிசையில் நிற்கும் கட்டளையை வேனுக்கு மறுபடி, ஆட்டோவுக்கு மறுபடி, மினி லாரிக்கு மறுபடி பொருத்தட்டும். பிறகு வரிசை விதியை மாற்றச் சொல்லி நான்கு இடத்திலும் திருத்த வைக்க வேண்டும். ஒன்றில் திருத்த மறந்து ஆட்டோ பஸ்ஸுக்குள் புகுந்து போகும்போது, இதை ஒரே இடத்தில் எழுதிவைக்க முடியாதா என்று ஏதாவதொரு பிள்ளை சலித்துக்கொண்டு கேட்கும். இனக்குழு என்பதைச் சொல்லவேண்டிய பீரியட் அதுதான். ஸ்கிராட்சில் அதற்கு இடமில்லை என்பதையும் அப்போதே சொல்லிவிட்டு, 12ஆம் வகுப்பில் எப்படியும் படிக்கப்போகிற பைத்தானைத் திறக்கலாம். வாகனமும் அதன் கீழ் பஸ்ஸும் ஆட்டோவும் இருபது வரிக்குள் அடங்கிவிடும்.