தசைக்கு யார் சாட்சி?

உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞரைக் கேட்டுப் பாருங்கள். "இந்தப் பவுடரைச் சாப்பிட்டேன், மூன்றே மாதத்தில் புஜம் பருத்துவிட்டது" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. புஜம் பருத்திருப்பதை நாமும் காண்கிறோம். ஆனால் பருக்க வைத்தது எது? பவுடரா? அன்றாடம் தூக்கிய பளுவா? பவுடர் வாங்கிய உற்சாகத்தில் கூடுதலாகச் சாப்பிட்ட முட்டையா? அதை அவரால் சொல்ல முடியாது. தாயத்துக் கட்டிய மறுநாள் காய்ச்சல் விட்டது என்பவரும் பொய்யர் அல்லர். விடவேண்டிய நாளில் காய்ச்சல் விட்டது. பெயர் தாயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் யார்க் நகரத்துக் கதை இதற்குச் சரியான பாடம். அங்கே பாப் ஹாஃப்மன் என்பவர் பளு தூக்கும் கருவிகள் விற்றார், பத்திரிகை நடத்தினார், சோயா புரதப் பவுடரும் விற்றார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரிடம் பயின்ற வீரர்கள் சிலர் மளமளவென்று வலுவடைந்தனர். அசையாத கம்பியை எதிர்த்துத் தள்ளும் புதிய பயிற்சியே காரணம் என்று பத்திரிகை முழங்கிற்று. படித்தவர்கள் நம்பினர், அந்தப் பயிற்சிக்கான சட்டத்தை வாங்கினர். அந்த வீரர்கள் ஜான் ஜீக்லர் என்ற மருத்துவர் வழியே டயனபால் என்னும் ஸ்டீராய்டு மாத்திரையை உட்கொண்ட விஷயம் பிறகுதான் அம்பலமாயிற்று. வலு உண்மை, காரணம்தான் கட்டுக்கதை!

1972இல் ஏரியல், சாவில் என்ற இரு ஆய்வாளர்கள் வேறொரு வேடிக்கை கண்டனர். பளு தூக்கும் இளைஞர் அறுவருக்கு, ஸ்டீராய்டு என்று சொல்லி மருந்தில்லாத வெறும் மாத்திரையைத் தந்தனர். முந்திய வாரங்களில் காணாத வேகத்தில் அவர்கள் தூக்கிய எடை ஏறிற்று. நம்பிக்கையே தோளுக்கு வலு தந்தது. இதற்குப் பிறகும் "எனக்குப் பலித்தது" என்பதைச் சான்றாகக் கொள்ளலாமா?

விஞ்ஞானிகள் சறுக்கியதே இல்லையா என்று கேட்பார்கள். சறுக்கியதுண்டு. ஸ்டீராய்டு திறனைக் கூட்டும் என்பதற்கு உறுதியான ஆதாரமில்லை என்று அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1977இல் அறிவித்தது. பளு தூக்குவோர் உள்ளூரச் சிரித்தனர். 1984இல் கல்லூரி தன் கருத்தைத் திருத்திக்கொண்டது. அங்கே அனுபவம் வென்றது; மறைக்கவில்லை. ஆனால், கண்ணில் அறையும் அளவுக்குப் பெரிய மாற்றத்தைத்தான் தனி மனிதன் கண்டறிய முடியும். கடையில் விற்கும் பவுடர் தருவதோ சிறு மாற்றம், அதுவும் தந்தால். அதை அளக்க நூற்றுக்கணக்கானோரை இரு அணியாகப் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும்.

அப்படிப் பார்த்ததில் தெரிந்தது என்ன? கிரியாட்டின் பளு தூக்குவோருக்கு ஓரளவு உதவுகிறது. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் போதும். புரதம் குறித்து, 1,800 பேருக்கு மேல் பங்கேற்ற 49 ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தனர். உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராமைத் தாண்டினால் தசைக்குக் கூடுதல் லாபமில்லை என்று கண்டனர். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 96 கிராம். முட்டை, பருப்பு, நிலக்கடலை, சோயா, மீன் இவற்றிலிருந்தே அதன் பெரும்பகுதியைப் பெறலாம். தசை வளர்க்கப் புரதப் பவுடர் வேண்டாம் என்று ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் அறிவுரை கூறியது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, பணத்துக்குக் கட்டுமா என்பதில் மட்டும் அவரவர் அனுபவமே நீதிபதி.

இத்தனையும் டப்பாவின் மேல் எழுதியது உள்ளே இருந்தால்தானே! கேரள மருத்துவர்கள் முன்னின்று நடத்தி 2024இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியச் சந்தையின் 36 புரதப் பவுடர்களைச் சோதித்தனர். 25இல் புரத அளவு சீட்டில் கண்டபடி இல்லை. சிலவற்றில் பூஞ்சை நஞ்சும் இருந்தது. இதை எந்த இளைஞனின் நாக்கு கண்டுபிடிக்கும்? எந்தப் பயிற்சியாளரின் அனுபவம் காட்டிக் கொடுக்கும்?

ஆகவே இளைஞரை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்கத் தயாரில்லை. சம்பளத்தில் பெரும்பங்கை டப்பாவுக்குக் கொட்டுகிறவர் கூலித் தொழிலாளியின் மகன். லாபம் யாருக்கு என்பதை விளக்க வேண்டுமா? ஒன்றிய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் மாநிலத் துறையும் கடை கடையாக மாதிரி எடுத்துச் சோதிக்கட்டும். முடிவுகளைக் கம்பெனியின் பெயரோடு, தொகுதி எண்ணோடு, தமிழில் வெளியிடட்டும். அதுவரை, பணத்தை நீட்டும் முன் அந்தத் தொகுதியின் சோதனைச் சான்றை இளைஞர்கள் கேட்கட்டும். காட்ட மறுக்கும் கடையை விட்டு வெளியேறட்டும்.