ஆறு நாள் படைப்பு: ஆதி விசுவாசமா, அண்மைக்காலப் பிடிவாதமா?

ஆதியாகமத்தின் படைப்பு வரலாற்றை எழுத்துக்கு எழுத்து நம்புவதே கிறித்தவத்தின் ஆதி வழக்கம்; 1859இல் டார்வினின் நூல் வந்த பிறகு வேறு வழியின்றித்தான் சபைகள் அதை உருவகம் என்று சொல்லத் தொடங்கின என்ற கருத்து பரவலாக உலவுகிறது. வேதத்துக்காக வரிந்துகட்டுபவர்களும் அதை எள்ளி நகையாடுபவர்களும் இந்த ஒன்றில் மட்டும் கைகோத்து நிற்பது வேடிக்கை. முன்னவர்களுக்கு அது மூதாதையர் விசுவாசம். பின்னவர்களுக்கு உருவகம் என்பது தோற்றவர்கள் சொல்லும் சாக்கு. இரு தரப்பும் நம்பும் வரலாறு தவறானது.

எழுத்துக்கு எழுத்து வாசிப்பதன் சிக்கல் ஆதியாகமத்தின் முதல் இரண்டு அதிகாரங்களிலேயே இருக்கிறது. முதல் அதிகாரத்தில் ஒளி முதல் நாளில் உண்டாகிறது. சூரியனும் சந்திரனும் நான்காம் நாளில்தான் வருகின்றன. அதுவரை மூன்று மாலையும் மூன்று காலையும் சூரியன் இல்லாமலே கழிகின்றன. மூன்றாம் நாளில் பயிர்பச்சை, ஐந்தாம் நாளில் மீனும் பறவையும், ஆறாம் நாளில் விலங்குகள், கடைசியில் ஆணும் பெண்ணுமாக மனிதர். இரண்டாம் அதிகாரத்தின் வரிசையே வேறு. வயல்வெளியில் செடி முளைக்கும் முன்பே மண்ணிலிருந்து மனிதன் உருவாகிறான்; பிறகு தோட்டம்; அவன் தனிமைக்குத் துணை தேடும்போது விலங்குகளும் பறவைகளும்; இறுதியில் அவன் விலா எலும்பிலிருந்து பெண். இரண்டையும் நாட்குறிப்பாக வாசிப்பவர் ஒன்றை வளைத்துத்தான் மற்றதோடு பொருத்தியாக வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க 19ஆம் நூற்றாண்டின் நாத்திகர் எவரும் தேவைப்படவில்லை. இயேசுவின் காலத்தில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூத அறிஞர் பைலோ, ஆறு நாள் என்பது கால அளவன்று, படைப்பின் ஒழுங்கைக் காட்டும் எண் என்றார். 3ஆம் நூற்றாண்டில் கிறித்தவ அறிஞர் ஓரிஜன் இன்னும் காட்டமாகவே எழுதினார்: சூரியன் இல்லாத நாளையும், கடவுள் குடியானவரைப்போல் மரம் நட்டார் என்பதையும் நடந்த செய்தியாக எடுத்துக்கொள்பவரை அவர் அறிவிலியாகவே கருதினார். மேற்குத் திருச்சபையின் பெரும் ஆசானான அகுஸ்தினார் (354–430) ஆதியாகமத்துக்குப் பன்னிரண்டு பாகங்களில் விளக்கம் எழுதினார். உருவகமாக அல்ல, நேர்ப்பொருளிலேயே விளக்குவது அவர் நோக்கம். அப்படித் தேடியும் அவர் வந்து சேர்ந்த முடிவு, எல்லாம் ஒரே கணத்தில் படைக்கப்பட்டன, அந்த ஆறு நாள்கள் நாம் அறிந்த நாள்கள் அல்ல என்பதே. வானையும் விண்மீன்களையும் பற்றி வேதத்தின் பெயரால் உளறும் கிறித்தவர், விவரம் அறிந்த பிறமதத்தார் முன் வேதத்தையே கேலிப்பொருளாக்குகிறார் என்றும் அவர் கடிந்துகொண்டார்.

எல்லாரும் இப்படி வாசித்தார்கள் என்பதும் பொய். 4ஆம் நூற்றாண்டின் ஆயர் பேசில், புல் என்றால் புல், மீன் என்றால் மீன் என்றே கொண்டார். சீர்திருத்தவாதி லூத்தர், அகுஸ்தினாரை மறுத்து ஆறு இயல்பான நாள்களையே வலியுறுத்தினார். அகுஸ்தினாருங்கூட மனித குலத்துக்கு ஆறாயிரம் ஆண்டுக்கும் குறைந்த வயதே கணித்தார். ஆனால் இது அவர்களிடையே வாதத்துக்குத் திறந்திருந்த கேள்வி; விசுவாசிக்கு வைக்கப்பட்ட பரீட்சை அன்று. ஆறு நாளை ஏற்ற சீர்திருத்தவாதி கால்வினே, சனிக்கோள் சந்திரனைவிடப் பெரிது என்பதை வானநூலார் நிறுவியதை ஒப்புக்கொண்டு, மோசே சாமானியரின் கண்ணுக்குத் தெரிவதை எழுதினார், வானநூல் கற்க விரும்புபவர் வேறிடம் போகட்டும் என்றார்.

உலகம் கி.மு. 4004இல் படைக்கப்பட்டது என்ற கணக்கு பேராயர் ஜேம்ஸ் அஷருடையது, 1650இல் வெளியானது. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அச்சானதால் அதுவும் வேதவாக்கு போலாகிவிட்டது. இருந்தும் டார்வினுக்கு முன்பே, குருப்பட்டம் பெற்ற புவியியலாளர்களான பக்லாண்டும் செட்விக்கும் பூமியின் பெருவயதை ஏற்றிருந்தனர். 1814இல் ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ், முதல் இரு வசனங்களுக்கு இடையே நீண்ட காலம் கழிந்திருக்க இடமுண்டு என்றார். 1925இல் டென்னசியின் டேட்டன் நகரில் பரிணாமம் கற்பித்ததற்காக ஆசிரியர் ஸ்கோப்ஸ் மீது நடந்த வழக்கில், பரிணாமத்தின் பரம எதிரியாகச் சாட்சிக் கூண்டேறிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனே, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் டாரோவின் விசாரணையில், அந்த நாள்கள் இருபத்து நான்கு மணி நேர நாள்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

இன்றைய பிடிவாதத்தின் வேர் வேறெங்கோ இருக்கிறது. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டான ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், பாறைப் படிவுகள் யாவும் நோவாவின் வெள்ளத்தால் படிந்தவை என்று 1923இல் ஒரு பெருநூல் எழுதினார். அந்த வாதத்தைச் செப்பனிட்டு 1961இல் விட்கோம்பும் ஹென்றி மோரிசும் வெளியிட்ட நூல்தான் அதை மற்றச் சபைகளுக்குக் கொண்டுசேர்த்தது. அவர்களும் எழுத்துக்கு எழுத்து நிற்கவில்லை. ஆகாயவிரிவுக்கு மேலே தண்ணீர் இருப்பதாக முதல் அதிகாரம் சொல்கிறது. அந்தத் தண்ணீர் பூமியைச் சூழ்ந்திருந்த நீராவிப் போர்வை என்று அவர்கள் பொருள் கூறினர். பின்னர் அவர்கள் வழிவந்தவர்களே பலர் அந்தப் போர்வையைக் கைவிட்டனர்.