கனவுக் கார்: யாருக்கு, எந்த வயதில்?

"நீங்கள் கனவு கண்ட பந்தயக் காரை எந்த வயதில் வாங்கினீர்கள்? அப்போது உங்கள் நிலைமை என்ன?"

மோட்டார் வாகனங்களுக்கென்றே நடக்கும் பத்திரிகைகள் இருக்கின்றன. அவற்றில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது; பதில்களும் வருகின்றன. கம்பெனிப் பங்கை விற்று இருபத்தெட்டு வயதில் வாங்கினேன் என்பார் ஒருவர். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஐம்பத்தைந்தில் வாங்கினேன் என்பார் இன்னொருவர். அப்பா வாங்கித் தந்தார், வயது இருபத்தொன்று என்று கூச்சமில்லாமல் சொல்பவரும் உண்டு.

இதைப் படித்தால் நம் தோழர்கள் சிரிப்பார்கள். ஆனால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது என்பது நம் அபிப்பிராயம். நம் சீமையிலும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வண்டிக் கனவு இருக்கிறது. அது எந்த வயதில் பலிக்கிறது, பலிப்பதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தால் நாட்டின் பொருளாதாரமே அதில் தெரிகிறது.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூர் மாவட்டத்தை நெடுக்காக வெட்டிக்கொண்டு போகிறது. திருமாந்துறைச் சுங்கச்சாவடியைத் தாண்டி, காதைக் கிழிக்கும் சத்தத்தோடு சில சமயம் அந்த வண்டிகள் பறக்கும். இரண்டே பேர் உட்காரலாம். வயிறு தரையைத் தொடுகிற உயரம். நம் ஊர் வேகத்தடை ஒன்று போதும், அடித்தகடு போய்விடும். சின்ன வெங்காயக் காட்டில் களை எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வண்டி பாடாலூரில் இருக்கும்.

அதன் விலை என்ன? லம்போர்கினி என்ற இத்தாலிய வண்டி நான்கு கோடி ரூபாயைத் தாண்டியது. நமக்குத் தெரிந்த கணக்கில் இதைப் போட்டுப் பார்ப்போம். 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வைத்த தினக்கூலி 336 ரூபாய். நூறு நாளும் முழுசாக வேலை கொடுத்து, பாக்கியில்லாமல் பட்டுவாடாவும் செய்தார்கள் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். (பேச்சுக்குத்தான்.) வருஷத்துக்கு 33,600 ரூபாய். அதில் ஒரு பைசாக்கூடத் தின்னாமல் சேர்த்தால் நான்கு கோடி சேர 1,190 வருஷம் ஆகும். அதாவது, விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடிப்பதற்கு முன்பே நம் அம்மாள் மண்வெட்டியைத் தூக்கியிருக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலுக்கு முதல் கல் வைக்கும்போது அவளுக்கு வேலையில் இருநூறு வருஷ சர்வீஸ் தேறியிருக்கும். அப்படியும் அன்றைக்குக் காரில் கால்வாசி கூட அவளுக்குச் சொந்தமாகியிராது!

உழைத்துச் சேர்த்து வாங்கும் பண்டமல்ல அது. பிறருடைய உழைப்பு ஓரிடத்தில் குவிந்தால்தான் வாங்க முடியும். இதற்கு அந்த லம்போர்கினியின் கதையே சாட்சி. பெருச்சியோ லம்போர்கினி திராட்சை பயிரிடும் குடியானவர் வீட்டில் 1916-ல் பிறந்தவர். யுத்தம் முடிந்ததும், ராணுவம் கழித்துப் போட்ட சாமான்களைக் கொண்டு உழவு டிராக்டர் கட்ட ஆரம்பித்தார். ஆம், டிராக்டர்தான்! அதில் பணம் கொழித்தது. நாற்பது வயதைத் தாண்டியதும் பெராரி என்ற பந்தயக் காரை வாங்கினார். அது சரியில்லை என்று 1963-ல் தாமே கார்த் தொழிற்சாலை வைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு. கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த டிராக்டர்களை முடுக்கிய தொழிலாளிகளும், கடன் வாங்கி டிராக்டர் வாங்கிய குடியானவர்களும் எத்தனையாவது வயதில் பந்தயக் கார் வாங்கினார்கள் என்று எந்தப் பத்திரிகையும் எழுதுவதில்லை.

அதே வட்டாரத்தில் மோதெனா என்றொரு நகரம் இருக்கிறது. பெராரி பிறந்த ஊர். மஸராட்டி என்ற இன்னொரு பந்தயக் காரும் அங்கேதான் தயாரானது. 1937-ல் மஸராட்டியை வாங்கிய அடோல்போ ஓர்சி என்ற முதலாளிக்கு அதே ஊரில் ஒரு வார்ப்பாலையும் இருந்தது. யுத்தத்துக்குப் பின் அவர் ஆட்குறைப்பில் இறங்கினார், ஆலையைக் கதவடைத்தார். 1950 ஜனவரி 9 அன்று தொழிலாளிகள் ஆலை வாசலுக்கு ஊர்வலம் வந்தார்கள். போலீஸ் சுட்டது. ஆறு பேர் மாண்டார்கள். மாண்டவர்களில் ஆர்துரோ மலகோலி என்பவர் விவசாயத் தொழிலாளி, வயது இருபத்தொன்று. அவருடைய சின்னத் தங்கையை இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் தோழர் தோக்ளியாத்தி தம் வீட்டுக்கு அழைத்துப்போய் மகளாக வளர்த்தார். 1957-ல் மஸராட்டி உலகப் பந்தயத்தில் ஜெயித்தது. அதைப் பத்திரிகைகள் இன்றும் எழுதுகின்றன. வார்ப்பாலை வாசலை மோதெனாத் தொழிலாளிகள் மறக்கவில்லை. நாமும் தெரிந்துகொள்வது நல்லது.

அப்பா வாங்கித் தரும் வண்டியின் லட்சணத்தை நம் நாட்டிலேயே பார்த்தோம். 2024 மே 19, பூனா நகரம். ஓட்டியவனுக்கு வயது பதினேழு. வண்டி போர்ஷே. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு இளம் என்ஜினீயர்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், அடிபட்டு மாண்டார்கள். பையனுக்கு அன்றே ஜாமீன் கிடைத்தது. நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்தைப் பற்றி முந்நூறு வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது! நாடே கொதித்த பிறகுதான் உத்தரவு மாறியது. இரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்களே கைதானார்கள். இன்னொரு விவரமும் வெளிவந்தது: கோடிக்கணக்கில் விலை பெறும் அந்த வண்டிக்கு நிரந்தரப் பதிவு ஆகவில்லை, கட்ட வேண்டிய கட்டணம் 1,758 ரூபாயைக் கட்டவில்லை. நம் ஊரில் எக்ஸெல் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் தீர்ந்து ஒரு வாரம் போனால் பாலக்கரையில் நிறுத்தி என்ன பாடு படுத்துகிறார்கள்!

வரி கட்டுவதில் பெரிய மனிதர்களுக்கு இருக்கும் தயக்கத்தை நீதிமன்றமே பார்த்திருக்கிறது. இங்கிலாந்திலிருந்து தருவித்த ரோல்ஸ் ராய்ஸ் காருக்கு நுழைவு வரி கூடாது என்று நடிகர் விஜய் 2012-ல் போட்ட வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூலையில் தள்ளுபடி செய்தது. (அப்போது விதித்த ஒரு லட்ச ரூபாய் அபராதத்தை மேல் பெஞ்சு நிறுத்தி வைத்தது, கடுமையான வாசகங்களும் பிறகு நீக்கப்பட்டன.) அடுத்த மாதம் நடிகர் தனுஷின் கார் வழக்கு வந்தபோது, பால்காரரும் கூலிக்காரரும் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார்கள், அவர்களெல்லாம் நீதிமன்றத்துக்கா வருகிறார்கள் என்ற கருத்தில் நீதிபதி கேட்டார். நியாயமான கேள்வி.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

இங்கே பந்தயக் கார் இல்லை, பைக் இருக்கிறது. நாரணமங்கலம் டயர்த் தொழிற்சாலை, எறையூர்க் காலணித் தொழிற்சாலை, அரியலூர்ச் சிமெண்டு ஆலைகள் என்று எந்த வேலைக்குப் போவதானாலும் வண்டி வேண்டும். ஷிப்டு முடியும் நேரத்துக்கு எல்லா ஊருக்கும் பஸ் இல்லை. பதினெட்டு முடிந்ததும் பையன் பைக் கேட்கிறான். அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது, முன்பணம் தயாராகிறது, மீதிக்கு பைனான்ஸ். ஒப்பந்த வேலை, நாளைக்கு வேண்டாமென்றால் வேண்டாம். ஆனால் டியூ மட்டும் மாதாமாதம் நிரந்தரம்! இரண்டு டியூ தவறினால் பைனான்ஸ்காரன் நடுரோட்டில் சாவியைப் பிடுங்குகிறான். வேகமான வண்டி கேட்ட பையனை வீண் ஆடம்பரக்காரன் என்று ஏசும் பெரியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அழகான யந்திரத்தின்மேல் ஆசைப்படுவது குற்றமல்ல. அந்த யந்திரத்தைச் செய்தவனே அவன்தானே! அவன் தலைக்குக் கவசமும், கையில் நிரந்தர வேலைக்கான உத்தரவும் இல்லையே என்பதுதான் நம் கவலை.

சிங்கப்பூர் போனவர் முப்பத்தைந்து வயதில் கார் வாங்குகிறார். அது தார்ப்பாய் போர்த்தித் திண்ணையோரம் நிற்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, லீவில் வரும் முப்பது நாள் ஓடும்.

மண் போன காசில் வண்டி வாங்கியவர்களும் உண்டு. சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று சொல்லித் திருமாந்துறைச் சுற்று வட்டாரத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் வாங்கினார்கள். பல வருஷம் முள் மண்டிக் கிடந்தது. 2022-ல்தான் எறையூரில் சிப்காட் பூங்கா திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் வண்டி தேய்ந்து காயலான் கடைக்குப் போயிருக்கும், நிலம் திரும்பவில்லை.

மாமனார் வீட்டு வண்டியைச் சொல்லாமல் விட முடியாது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு பைக்கோ காரோ வருவது நிற்கவில்லை. நூற்பு மில்களில் "சுமங்கலித் திட்டம்" என்று பேர் வைத்து, மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை தருவோம் என்று பெண்களைச் சேர்த்த கதை மில் தோழர்களுக்குத் தெரியும். பதினேழு வயதுப் பெண் இராத்திரி ஷிப்டில் நூற்ற நூல், இருபத்தேழு வயது மாப்பிள்ளைக்கு வண்டியாகிறது. எந்த வயதில் வாங்கினாய் என்று அவனைக் கேட்பார்கள். அவளை யார் கேட்பது?

ஆனால் இந்தக் கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது வேறு விஷயம்.

2025 ஜூலை 24 அன்று மத்திய சர்க்கார் பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நூறு சதத்துக்கு மேலிருந்த கார் இறக்குமதித் தீர்வை, ஒதுக்கிய எண்ணிக்கைக்குள் வரும் பிரிட்டிஷ் கார்களுக்குப் படிப்படியாகப் பத்து சதத்துக்கு இறங்கும். அதே 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியது. சிமெண்டுக்கும் சிறு மோட்டார் சைக்கிளுக்கும் 28 சதம் 18 ஆனது; நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனால் செஸ் சேர்த்து ஐம்பது சதம் வரை கட்டிய பெரிய கார்களுக்கும் அது நாற்பதாக இறங்கியது. கோடீசுவரனின் கனவுக்குச் சர்க்கார் பக்கத்திலிருந்து இரண்டு சலுகை!

பருத்திக்கு என்ன செய்தார்கள்? 2025 ஆகஸ்ட் 19 முதல் வெளிநாட்டுப் பஞ்சின் மீதிருந்த 11 சதத் தீர்வையை அடியோடு எடுத்தார்கள். முதலில் செப்டம்பர் முடிய என்றார்கள். பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். பெரம்பலூர்ச் சீமையின் கரிசல் காட்டில் புரட்டாசி மழையை நம்பிப் பருத்தி போடுகிறார்கள். தையில், மாசியில் காய் வெடிக்கும். நம் பஞ்சு செடியில் இருக்கும்போதே அந்நியப் பஞ்சு மில் கிடங்கை நிரப்பினால், அறுவடையில் வியாபாரி என்ன விலை கேட்பான்? 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு ஆதார விலை நடுத்தர இழைக்கு 7,710, நீண்ட இழைக்கு 8,110 என்று அறிவித்திருந்தார்கள். கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர முடியாதவனுக்கு அது காகிதத்தில் இருக்கும் விலை. விலை விழுந்தால் முதலில் வெட்டு விழுவது பருத்தி எடுக்கும் பெண்ணின் கூலியில்.

மில் தோழர்களிடம் முதலாளி இதை வேறு விதமாகச் சொல்வான். "அமெரிக்கா 2025-ல் நம் துணிக்கு ஐம்பது சதத் தீர்வை போட்டது. பஞ்சு மலிந்தால்தான் மில் ஓடும், உன் வேலை நிற்கும்" என்பான். அமெரிக்கா அப்போது தீர்வை போட்டது வாஸ்தவம்தான். பிரிட்டன் ஒப்பந்தத்தில் நம் ஜவுளிக்கு அங்கே தீர்வை நீங்குவதும் வாஸ்தவம். ஆனால் தோழரே, உங்கள் அனுபவத்தையே கேளுங்கள். பஞ்சு விலை ஏறினால் "நஷ்டம்" என்று சொல்லி ஷிப்டைக் குறைத்தான். பஞ்சு விலை இறங்கிய வருஷத்தில் கூலியையோ போனஸையோ உயர்த்தினானா? ஏறினாலும் நம் தலையில், இறங்கினாலும் அவன் பையில். நீங்கள் கழிக்கும் பஞ்சை எடுத்தவள் உங்கள் சொந்தக்காரி. ஆலத்தூரிலும் வேப்பூரிலும் உங்கள் அக்காளும் அத்தையும்தான் மடி கட்டி எடுக்கிறார்கள். ஆதார விலைக்குச் சர்க்கார் கொள்முதல் செய்யட்டும், நஷ்டத்தை அது தாங்கட்டும் என்று மில் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே தீர்மானத்தில் எழுதலாமே! பிரிட்டிஷ் காரில் விட்டுக்கொடுக்கப்போகும் தீர்வையை அப்படியே வைத்துக்கொண்டால், அந்த வருமானத்தில் கொஞ்சம் இதற்கு வராதா?

இன்னொன்று. பெரம்பலூர் ஒரு மாவட்டத் தலைநகரம், 1995-ல் மாவட்டமானது. இன்றுவரை அங்கே ரயில் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர், துறையூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை போடுங்கள் என்பது நெடுநாள் கோரிக்கை. ஒவ்வொரு தேர்தலிலும் எல்லாக் கட்சி மேடையிலும் அந்த ரயில் கூவுகிறது. தேர்தல் முடிந்ததும் ஓய்ந்துவிடுகிறது. நம் பையன் பதினெட்டு வயதில் பைக் வாங்குவதற்கும், வாங்கியவன் சிமெண்டு லாரிக்கும் சுண்ணாம்புக்கல் லாரிக்கும் நடுவே நுழைந்து போவதற்கும் இதுவும் ஒரு காரணம். மெட்ராஸ் வேலையிலிருந்து இரவு வண்டியில் அரியலூர் வந்து இறங்குகிற பெரம்பலூர்க்காரன், இன்னும் முப்பது கிலோமீட்டர் சொச்சம் போக, விடியற்காலை முதல் பஸ்ஸுக்காக ரயிலடி வாசலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.