கதிரவனுக்கும் சுங்கவரி!



2024, 2025ஆம் ஆண்டுகளில் கூரைக்குச் சூரிய ஒளித் தகடு வாங்கக் கடைவீதி சென்றவர்கள் ஒரு விந்தையைக் கண்டிருப்பர். கடைக்காரர் இரண்டு தகடுகளைக் காட்டுவார். அளவு ஒன்றே, தரும் மின்சாரமும் ஏறக்குறைய ஒன்றே. விலையிலோ கணிசமான வேறுபாடு! ஏனென்று கேட்டால், "இதனுள்ளே இருக்கும் மின்கலம் இந்நாட்டிலே செய்தது; அரசு மானியம் வேண்டுமானால் இதைத்தான் வாங்கவேண்டும். மற்றது வெளிநாட்டு மின்கலம் கோத்தது, விலை குறைவு, மானியம் கிடையாது" என்பார். டில்லி அரசு 2024இல் அறிவித்த மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். கொடுத்த கையின் கொடையைக் கொட்டி முழக்கினார்கள். விலை என்ற பெயரால் அதில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொண்ட மற்றொரு கையைப் பற்றி எவரும் பேசக் காணோம்!

கதிரவன் எவரிடமும் காசு கேட்பதில்லை. குடிசைமீதும் கோபுரத்தின்மீதும் அவன் ஒளி ஒன்றாகவே விழுகிறது. அவ்வொளியைப் பிடிக்கும் தகட்டுக்கு விலை வைப்பவர் யார்? கடைக்காரர் அல்லர்; அவர் வாங்கிய விலைமீது தம் ஊதியத்தைக் கூட்டிச் சொல்பவர். விலை வைப்பவரைக் காண வேண்டுமானால் தகடு பிறக்கும் இடத்துக்கே போகவேண்டும்.

குவார்ட்ஸ் கல்லை உருக்கிச் சிலிக்கான் எடுக்கிறார்கள். அதைத் தூய்மை செய்து பாலிசிலிக்கான் ஆக்குகிறார்கள். மீண்டும் உருக்கி, பாளமாக வார்த்து, மெல்லிய வில்லைகளாக அறுக்கிறார்கள். வில்லைமீது வெள்ளிப் பசையால் கோடிட்டால் மின்கலம். மின்கலங்களைக் கோத்து, முன்னே கண்ணாடியும் சுற்றிலும் அலுமினியச் சட்டமும் பூட்டினால் தகடு. முதற் கட்டங்கள் மின்சாரத்தை மிடறு மிடறாக விழுங்குபவை, பெருமுதல் கேட்பவை. கடைசிக் கட்டம் கோத்து ஒட்டும் வேலை.

இந்தக் கட்டங்கள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 80க்குமேல் சீனத்தின் கையில் இருப்பதாக அனைத்துலக எரிசக்தி முகமை 2022இல் கணக்கிட்டுச் சொல்லிற்று. எப்படி நேர்ந்தது இது? பாலிசிலிக்கானின் உற்பத்திச் செலவில் நூற்றுக்கு 40க்குமேல் மின்சாரத்துக்கே போகிறது. சிஞ்சியாங்கிலும் உள் மங்கோலியாவிலும் நிலக்கரி மின்சாரம் மலிவு. அங்கே ஆலைகள் எழுந்தன. அரசு நிலம் தந்தது, கடன் தந்தது. சந்தையை உண்டாக்கித் தந்தது எந்நாடு தெரியுமா? செர்மனி! 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகச் சூரிய மின்சாரத்துக்கு நல்ல விலை உறுதி செய்தது அந்நாடு. சீனத்தார் செர்மானிய எந்திரங்களையே வாங்கிப் பூட்டி, செர்மானியச் சந்தையிலேயே கடை விரித்தனர். கியூ-செல்ஸ் 2012இல் நொடித்தது. சோலார்வேர்ல்டு 2017இல் நொடித்தது. விதைத்தவன் ஒருவன், அறுத்தவன் மற்றொருவன்.

"மலிவாகக் கிடைக்கிறதே, யார் செய்தால் நமக்கென்ன?" என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையேயும் உண்டு. அவர்களை 2020 சூலையை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். சிஞ்சியாங்கில் ஓர் ஆலையில் வெடி விபத்து. அங்கே தொடங்கிய தட்டுப்பாடு, தேவையும் பெருகப் பெருக, ஏறிக்கொண்டே போயிற்று. 2022இல் ஒரு கிலோ பாலிசிலிக்கான் 300 யுவானை எட்டிற்று. ஆண்டுதோறும் இறங்கி வந்த தகட்டு விலை திரும்பி ஏறிற்று. விலை கண்ட முதலாளிகள் புற்றீசல்போல் ஆலை எழுப்பினர். 2024இல் அதே பாலிசிலிக்கான் கிலோ 40 யுவானுக்கு வந்து விழுந்தது! அடக்க விலைக்கும் குறைத்துத் தகடு விற்றனர். அந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் யார்? சீனத்தின் ஐந்து பெருநிறுவனங்கள் அந்த ஓராண்டில் ஏறத்தாழ 87,000 தொழிலாளரை, மூன்றில் ஒருவர் என்ற கணக்கில், குறைத்தன. விலை ஏறினால் நம் வீட்டார் தலையில் விடிகிறது. இறங்கினால் அந்நாட்டுப் பாட்டாளி வயிற்றில் விழுகிறது. இதையா மலிவென்று போற்றுவது?

சரி, தடையற்ற வாணிபம் பற்றி உலகுக்கெல்லாம் உபதேசம் செய்யும் அமெரிக்கா என்ன செய்தது? இந்நாட்டுச் சூரிய மின்திட்டத்தில் உள்நாட்டு மின்கலத்தையே வாங்கவேண்டும் என்றிருந்த விதியை எதிர்த்து, 2013இல் உலக வர்த்தக நிறுவனத்தின் படியேறிற்று. 2016இல் வழக்கில் வென்றது. வென்ற ஈரம் காயவில்லை. 2018 சனவரியில் வெளிநாட்டுத் தகட்டுக்குத் தானே நூற்றுக்கு 30 வரி போட்டது! 2025 சூலையில் அந்நாட்டு உற்பத்தியாளர்கள், இந்தியாவும் இந்தோனேசியாவும் லாவோசும் மலிவாகத் தகடு கொண்டுவந்து கொட்டுகின்றன என்று மனுக் கொடுத்தனர். உபதேசம் ஊருக்குத்தான்.

இனி டில்லிக்கு வருவோம். 2018இல் காப்புவரி, 1-4-2022 முதல் வெளிநாட்டுத் தகட்டுக்கு நூற்றுக்கு 40, மின்கலத்துக்கு 25 என அடிப்படைச் சுங்கவரி, ஒப்புதல் பெற்ற ஆலைகளின் பட்டியல் வேறு. கண்ணாடிக்கும் அலுமினியச் சட்டத்துக்குங்கூட 2024இல் தனி வரிகள் வந்தன. உள்நாட்டுத் தொழிலைக் காக்க மதில் எழுப்புவது குற்றமன்று. நாம் அதைக் குறை கூறவில்லை. கங்கைகொண்டானில் 4.3 கிகாவாட் ஆலை எழுந்து, பெரும்பாலும் நம் பெண்களே அங்கு வேலை செய்வது கண்டு மகிழ்பவர்கள் நாம். பிள்ளைப்பாக்கத்தில் 2024இல் திறக்கப்பட்ட அமெரிக்க ஆலையோ சிலிக்கானே வேண்டாத வேறு வகைத் தகட்டைச் செய்கிறது, அதையும் வரவேற்றோம்.

நாம் கேட்பது, மதில் எந்த இடத்தில் எழுந்தது என்பதை. உற்பத்திச் செலவில் சீனத்துக்கும் இந்தியாவுக்கும் இடைவெளி நூற்றுக்கு 10தான் என்று அதே முகமை 2022இல் எழுதிற்று. பத்தடிப் பள்ளத்துக்கு நாற்பதடி மதில்! அடக்க விலைக்குக் கீழே சரக்கு வந்து கொட்டியபோது உயர்ந்த மதில் தேவைப்பட்டது என்பர், இருக்கட்டும். மதிலுக்குள்ளே என்ன விளைந்தது? தகடு கோக்கும் திறன் 2025 ஆகஸ்டில் 100 கிகாவாட்டைத் தாண்டிற்று. மின்கலம் செய்யும் திறன் அதற்கு வெகு கீழே நின்றது. வில்லையும் பாலிசிலிக்கானும்? 24,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்த பின்னரும் சொல்லிக்கொள்ளும்படி எழவில்லை. சீனத்து வில்லை வாங்கி, சீனத்து மின்கலம் வாங்கி, கோத்து ஒட்டி, சுதேசி என்று முத்திரை குத்தி, மதிலின் உயரத்துக்கு விலை வைப்பது ஏற்றமிகு தொழில்தான், அதை நடத்தும் சில பெருமுதலாளிகளுக்கு!

மதிலின் வாயிலில் வசூலாகும் பணம் எங்கே போகிறது? இதைத்தான், தோழர்களே, தெருமுனை தோறும் நீங்கள் எடுத்துச் சொல்லவேண்டும். அடிப்படைச் சுங்கவரியில் மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து நூற்றுக்கு 41 பங்கு உண்டு. செஸ் என்றும் கூடுதல்வரி என்றும் பெயரிட்டு வாங்குவதில் செம்புக்காசும் கிடையாது. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில் என்ன செய்தார்கள்? தகட்டின் அடிப்படை வரியை 40இலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். ஆகா, குறைத்தார்கள் என்று தலைப்பிட்ட ஏடுகளும் உண்டு! அதே நாளில், அதே தகட்டுக்கு, வேளாண் உட்கட்டமைப்பு செஸ் என்று 20 போட்டார்கள். முன்பு கூடுதல்வரி 4 சேர்த்து 44 கட்டிய இறக்குமதியாளர் பின்னர் 40 கட்டினார். வாங்குபவனுக்கு வந்த இலாபம் அந்த நான்கு. மாநிலங்களுக்குப் பங்குள்ள பகுதியோ சரிபாதியாயிற்று! மின்கலத்துக்கும் இதே கைவேலை: 25 என்பது 20 ஆயிற்று, மேலே 7.5 செஸ் ஏறிற்று. மொத்தம் முன்பும் 27.5, பின்பும் 27.5. வாங்குபவன் கண்ணுக்கு மாற்றமே தெரியாமல், மாநிலங்களின் மடியில் கைவைத்த சாமர்த்தியம் அது.

செஸ்ஸுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: வேளாண்மை! உழவனுக்காக டில்லி உருகுகிறதாம். உழவரின் பம்புசெட்டுக்கு 1990 முதல் இலவச மின்சாரம் கொடுத்துவரும் அரசு, சென்னையில் இருக்கும் அரசு; அந்தச் செலவைச் சுமப்பது தமிழ்நாட்டின் கருவூலம். அந்தக் கருவூலத்துக்கு வரவேண்டிய பங்கை நிறுத்தி வைத்துக்கொண்டு, வைத்துக்கொண்டதற்கு உழவன் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். அந்த உழவன் தன் வீட்டுக் கூரைக்குத் தகடு வாங்கி, அதனுள்ளே கோத்திருப்பது இறக்குமதியான மின்கலமாக இருந்தால், தன் பெயரால் போட்ட செஸ்ஸைத் தானே கட்டிவிட்டு வீடு திரும்புகிறான்.